பொடிமீன் வெர்னன்

இங்கிலாந்தின் வடக்கே, விகன் ஊருக்கும் லீ ஊருக்கும் நடுவே ஓடும் கால்வாயில் பெரிய மீனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருக்கிறது. பிடிபடாது, அவ்வளவுதான். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கரை நெடுக ஆட்கள் தூண்டிலைப் போட்டுக்கொண்டு, கை கனக்க ஒரு பிரீம் மீன் வராதா என்று விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். தூண்டில் சங்கத்தின் போட்டி முடிந்து எடை போடும்போது, மீனைச் சேர்த்து வைக்கிற வலைப்பையில் பாதிப்பேருக்குத் தண்ணீர்தான் சொட்டும்.

வெர்னன் ஹாலிவெல்லின் வலைப்பை மட்டும் ஒருநாளும் அப்படிக் காலியாக வெளியே வந்ததில்லை. பெரிய மீனைப் பற்றி அவனுக்குக் கவலையே கிடையாது. அயிரையைப் போலத் தரையைத் தடவிக்கொண்டு திரியும் கட்ஜன்தான் அவனுக்குக் குறி. விரல் நீளம், வாயோரத்தில் இரண்டு மீசை, எடை என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக அவன் எடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பான். மற்றவர்கள் ஒரு பெரிய மீனுக்காக நாளெல்லாம் தவம் கிடந்து வெறுங்கையோடு எழுந்திருக்கும்போது, வெர்னனின் பையில் அந்தப் பொடிகள் எல்லாம் சேர்ந்து தராசு முள்ளை நகர்த்தியிருக்கும். கசாப்புக் கடை ஆல்பர்ட் டக்வொர்த் பெரும்பாலும் இரண்டாவதாக வந்து, கோப்பை வெர்னன் கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். 'பொடிமீன் வெர்னன்' என்று பேர் வைத்ததும் அவன்தான்.

வெர்னனின் மனைவி எட்னா, சிரிலுக்கு அக்கா. சிரில் பஸ் ஓட்டுகிறவன், கல்யாணம் ஆகாதவன். புதன்கிழமை ராத்திரிச் சாப்பாடு அக்கா வீட்டில், ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அக்கா புருஷனோடு கால்வாய்க் கரையில் என்று அவன் வாழ்க்கை பல வருஷமாக ஒரே தடத்தில் போய்க்கொண்டிருந்தது. மீன் பிடிப்பதில் அவன் சுமார்தான். வெர்னனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதே சிரிலுக்குப் போதுமானதாக இருந்தது.

அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் அது அவன் கண்ணில் பட்டது.

முதலில் அக்டோபரில், ஒரு தூண்டில் முள்ளை வெர்னன் அவனிடம் நீட்டினான். "இதைக் கொஞ்சம் கட்டிக் குடுப்பா. கை மரத்துப்போச்சு."

அன்றைக்கு அப்படியொன்றும் குளிர் இல்லை. பனி கொட்டுகிற நாளிலும் அரிசியில் பாதி இருக்கிற முள்ளைத் தூண்டில் நரம்பில் கட்டி, பல்லால் நறுக்கென்று கடித்து எறிகிற ஆள் அவன். சிரில் ஒன்றும் கேட்காமல் கட்டிக் கொடுத்தான்.

அப்புறம் தக்கை. வெர்னன் தன் தக்கைகளைத் தானே மயிலிறகுத் தண்டில் செய்து, நுனிக்குச் சாயம் பூசிக்கொள்வான். தண்ணீருக்கு மேலே ஒரு ஊசிமுனைதான் தெரியும். கட்ஜன் தொட்டால் அது சிலிர்க்கும், அது போதும் அவனுக்கு. நவம்பரில் அவன் போட்ட தக்கையின் தலை பட்டாணி பருமனுக்கு ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

"என்ன இது, கப்பலுக்கு விளக்கு போட்ட மாதிரி?" என்றான் சிரில்.

"கடையில சாயம் மலிவா கெடச்சுது," என்றான் வெர்னன்.

அந்தக் கப்பல் விளக்கு அவன் கண்ணெதிரே முங்கியது. முழுசாக முங்கி, ஒரு சாண் தள்ளிப் போய், மறுபடி மேலே வந்து நின்றது. வெர்னன் அதையே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, தக்கை சும்மா மிதந்துகொண்டிருந்தபோது, திடீரென்று கம்பைச் சுண்டினான். வெறும் முள் வெளியே வந்தது.

"சின்னப்பய, ஏமாத்திட்டான்," என்றான்.

வெர்னனுக்குத் தக்கை தெரியவில்லை என்பது சிரிலுக்குப் புரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தர் முகத்துக்கு நேரே கசப்பான சேதி சொல்வது அவனுக்கு எப்போதுமே ஆகாத காரியம். பஸ்ஸில் ஸ்டாப் தாண்டித் தூங்குகிறவரை எழுப்பக்கூடக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் பிரேக்கை அழுத்தி மிதிக்கிற ஆள்.

அந்தப் புதன்கிழமை எட்னா ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி வேகவைத்ததைத் தட்டில் போட்டுக்கொண்டே புலம்பினாள். வெர்னன் மாடியில் இருந்தான்.

"மார்க்கெட்ல எனக்கு நேரா எதிர்ல வர்றான். நான் சிரிச்சுக்கிட்டே நிக்கிறேன். 'மன்னிக்கணும் மேடம்'னுட்டு ஒதுங்கிப் போறான்டா. கட்டின பொண்டாட்டி நான் மேடமா?"

"வெளையாட்டுக்குச் செஞ்சிருப்பான்."

"அவன் மூஞ்சியில வெளையாட்டு இல்ல. பேப்பர் படிக்கிறதில்ல. டிவி போட்டா எழுந்து போயிடறான். எம்மேல என்ன கோவம்னு உங்கிட்டயாவது சொன்னானா?"

"குளிர்ல கண்ணுல தண்ணி வந்திருக்கும் எட்னா. ஆள் தெரிஞ்சிருக்காது."

சொல்லும்போதே பாதி உண்மையைத் தொட்டுவிட்டோமே என்று சிரிலுக்குத் திக்கென்றது. எட்னா அதைக் கவனிக்கவில்லை. இன்னொரு கரண்டி எடுத்துத் தட்டில் போட்டாள்.

பிப்ரவரியில் சங்கத்தின் குளிர்காலக் கோப்பைப் போட்டி வந்தது. காலையில் எல்லோரும் பப்பின் மாடியறையில் கூடி, பன்றிக்கறி வறுத்து வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டு, தகர டப்பாவில் கைவிட்டு இடத்துக்கான சீட்டை எடுத்தார்கள். சிரிலுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. சலவைத் தொழிற்சாலையின் வெந்நீர் வந்து கால்வாயில் விழுகிற இடம். குளிர்காலத்தில் மீன்கள் எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். அந்தச் சீட்டுக்காக ஏங்கி ஏங்கிக் கிழவரானவர்கள் சங்கத்தில் உண்டு.

வெர்னன் தன் சீட்டை எடுத்து, பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற சிரிலிடம் காட்டினான். "என்னப்பா, எழுதியிருக்கறது ஒண்ணும் வெளங்கல, கோழிக் கிறுக்கல்." அச்சடித்த எண் அது.

சிரில் அதைப் படித்துச் சொன்னான். அப்புறம், வெர்னனுக்குப் பக்கத்து இடத்தை எடுத்திருந்த ரெஜ் என்பவனைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"சீட்டை மாத்திக்கலாமா?"

ரெஜ் அவன் சீட்டைப் பார்த்தான், அவன் முகத்தைப் பார்த்தான். "உடம்பு ஏதாச்சும் சரியில்லையா உனக்கு?"

"தனியா ஒக்காந்தா போரடிக்கும்."

ரெஜ் தன் சீட்டை அவன் கையில் திணித்தான். எங்கே மனசு மாறிவிடுவானோ என்று சீட்டைப் பிடுங்கிக்கொண்டு படி இறங்கிவிட்டான்.

வெர்னனுக்கு இந்தப் பக்கம் சிரில், அந்தப் பக்கம் ஆல்பர்ட் டக்வொர்த். ஓரங்களில் படிந்திருந்த பனிக்கட்டியைக் கம்பால் உடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஊதல் ஒலித்ததும் கரை முழுக்கப் பேச்சு நின்றது. வெர்னன் இரைமாவை எலுமிச்சை அளவு உருட்டிப் போட்டான். விழ வேண்டிய இடத்தில் கச்சிதமாக விழுந்தது. அந்தக் கைக்கு இன்னும் கண் தேவைப்படவில்லை. ரத்தப்புழுவை முள்ளில் கோத்து, தக்கையை அதே இடத்தில் இறக்கினான்.

உடனே முங்கியது.

வெர்னன் அசையவில்லை. தக்கை மேலே வந்தது. மறுபடி முங்கியது, வந்தது. கீழே கட்ஜன்கள் கூட்டமாக வந்து புழுவைத் தின்றுவிட்டு முள்ளைத் துப்பிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. வெர்னன் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தான், பிறகு மறு பக்கமாக. கண்ணுக்கு நேரே பார்த்தால் தெரியாதது ஓரப்பார்வையிலாவது அகப்படுமா என்று தேடுகிறான் என்பது சிரிலுக்கு அப்போது விளங்கவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், இந்த மனிதன் கரையில் எல்லோருக்கும் முன்னால் அவமானப்படப் போகிறான் என்பதுதான்.

"என்ன பொடிமீன், இன்னிக்கு உன் ஆளுங்களுக்கெல்லாம் லீவா?" என்று டக்வொர்த் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டான். அவன் அதற்குள் ஒரு பெர்ச் மீனும் இரண்டு ரோச் மீனும் எடுத்திருந்தான்.

"சர்ச்சுக்குப் போயிருக்கானுங்க. வருவானுங்க," என்றான் வெர்னன். குரலில் சிரிப்பு இருந்தது.

ஆரஞ்சுத் தலை மறுபடி உள்ளே போனது. சிரிலால் தாங்க முடியவில்லை. தூக்கேன்யா என்று கத்த வந்ததை அடக்கப்போய், அது இருமலாக வெளியே வந்தது. அந்தச் சத்தத்தில் திடுக்கிட்ட வெர்னன் கம்பைத் தூக்கினான். நுனியில் ஒரு கட்ஜன் துடித்தது.

வெர்னன் அதைக் கழற்றிப் பையில் விட்டான். இன்னொரு புழுவைக் கோத்தான். தக்கை இறங்கியது, நின்றது, போனது. இந்த முறை சிரில் வேண்டுமென்றே இருமினான். வெர்னன் தூக்கினான். மீன்.

மூன்றாவது முறை இரையை வீசிவிட்டு வெர்னன் தண்ணீரைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். முகத்தைக் கொஞ்சம் சிரில் பக்கம் திருப்பி, காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு நடந்தது, அந்தக் கரையில் இருந்தவர்கள் வெகுநாள் பேசிக்கொண்டிருந்த கூத்து. சிரில் இருமுவான், வெர்னன் தூக்குவான். கட்ஜன் முரட்டுத்தனமாகக் கவ்வுகிற மீன், சட்டென்று விடாது. அதனால் இருமல் காதுக்குப் போய்க் கைக்கு வருகிற அந்த நேரமும் போதுமானதாக இருந்தது. சிரிலின் சொந்தத் தூண்டில் எங்கேயோ போய்ச் செடியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"யோவ் சிரில், வீட்டுக்குப் போய்ப் படுய்யா," என்றான் டக்வொர்த். "செத்துகித்து வெச்சேன்னா எடை போடுறது நின்னுபோயிடும்."

"அவனுக்கு நெஞ்சுச் சளி, விடு ஆல்பர்ட்," என்றான் வெர்னன். "எனக்குத் தொந்தரவா இல்ல."

அதைக் கேட்டு சிரிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் அப்போது, பன்றிக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்ட பண்டம் ஒரு துண்டு இருந்தது. அதன் மாவு மேலோட்டின் துகள் ஒன்று தொண்டைக்குள் போக வேண்டிய வழியை விட்டு வேறு வழியில் போய்விட்டது.

இப்போது வந்தது நிஜ இருமல். சிரில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குலுங்கினான். வெர்னன் தூக்கினான், ஒன்றுமில்லை. இரையை வீசிய கையோடு மறுபடி தூக்கினான். தக்கை தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே மறுபடி தூக்கினான். நரம்பு பின்னால் பறந்து முள்வேலிச் செடியில் சிக்கிக்கொண்டது. அவன் எழுந்து நின்று, அதை எந்தப் பக்கம் தேடுவதென்று தெரியாமல் காற்றைத் தடவினான்.

டக்வொர்த் தான் உட்கார்ந்திருந்த பெட்டியிலிருந்து எழுந்தான். வெர்னனைப் பார்த்தான். முகம் சிவந்து கண்ணீர் வழியக் குனிந்திருந்த சிரிலைப் பார்த்தான். பட்டாணித் தலை வைத்த அந்தத் தக்கையைப் பார்த்தான். அவன் ஒரு கத்தல் போட்டால் போதும், சங்கச் செயலாளர் ஓடி வந்துவிடுவார். பக்கத்து ஆளிடம் உதவி வாங்கினால் போட்டியிலிருந்து நீக்கம். அதோடு ஊரே சிரிக்கும்.

டக்வொர்த் நடந்து வந்து செடியிலிருந்து நரம்பை எடுத்துவிட்டான். தன் இடத்துக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்தான்.

வெர்னன் நின்றபடியே இரையை வீசினான். சிரிலுக்கு இன்னும் இருமல் அடங்கவில்லை, கண்ணீரில் தக்கை எங்கே இருக்கிறதென்றே அவனுக்குத் தெரியவில்லை. அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு கேட்டது.

"க்கும்."

பழக்கத்தில் வெர்னனின் கை தானாக எழுந்தது. மீன் வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். மெதுவாக டக்வொர்த் பக்கம் திரும்பினான்.

"நீயுமா ஆல்பர்ட்?"

டக்வொர்த் குனிந்து தன் புழுப் பெட்டியில் எதையோ தேடினான். "தொண்டையில ஏதோ கரகரப்புய்யா. ஒக்காரு, இன்னும் நேரம் கெடக்கு."

வெர்னன் உட்காரவில்லை. வலைப்பையின் அடியைப் பிடித்துத் தூக்கி, காலையிலிருந்து பிடித்த அத்தனையையும் கால்வாயில் கவிழ்த்தான். கொஞ்ச நேரம் தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்து அடங்கியது. பிறகு கம்பைத் துண்டு துண்டாகக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தான்.

சிரில் தன் சாமான்களை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினான். மதகுப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டு முழங்கையைப் பிடித்தான். வெர்னன் உதறினான்.

"இந்தப் பாதையில எனக்குக் கண்ணு வேண்டாம். கையை எடு."

"வெர்னன், நான் வந்து..."

"எப்பலருந்து தெரியும் உனக்கு?"

"அக்டோபர்லருந்து."

"எட்னாவுக்கு?"

"சொல்லல."

"ஒருத்தர்கிட்டயும் சொல்லாம, குருடனுக்கு மணி அடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தியா?"

"நீதான் ஒண்ணுமே சொல்லலையே. நீயே சொல்லுவேன்னு நெனச்சேன்."

"சொல்லாம இருந்தேன், ஏன்னா அது என் கண்ணு," என்றான் வெர்னன். "நீ எதுக்குடா சொல்லாம இருந்தே?"

வெர்னன் பாலத்தடியில் போய் மறையும்வரை சிரில் அங்கேயே நின்றான்.

வெர்னன் ராத்திரியே எட்னாவிடம் எல்லாம் சொல்லிவிட்டிருந்தான். மறுநாள் காலை, ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் அவள் சிரிலின் பஸ்ஸில் ஏறினாள். உட்காரவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"கண்ணுல தண்ணி வந்திருக்கும்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா? என் வீட்டுச் சாப்பாட்டைத் தின்னுக்கிட்டே சொன்னே."

"எட்னா, வண்டி ஓட்டும்போது பேசக்கூடாது, போர்டு போட்டிருக்கு பாரு."

"போர்டைத் தூக்கிக் குப்பையில போடு. நாலு மாசமா எம்புருஷனுக்கு என்மேல வெறுப்புன்னு நெனச்சு நான் அழுதுக்கிட்டிருந்தேன்டா! வேற எவளோ இருக்கான்னுகூட நெனச்சேன். அவனுக்கு வேற ஒருத்தி! அந்த மூஞ்சிக்கு!"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். முன் சீட்டில் காய்கறிப் பையோடு இருந்த அம்மாள் மட்டும், "நல்லாக் கேளும்மா," என்றாள்.

எட்னா கடைசி ஸ்டாப் வரை இறங்கவில்லை. வண்டி காலியானதும் முன் சீட்டில் உட்கார்ந்து அழுதாள். சிரில் இன்ஜினை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன சொல்வதென்று தெரியாததால், முதல்முறையாக, சமாதானமாக ஒன்றும் சொல்லாமல் இருந்தான். அது எப்படியோ சரியாக இருந்தது. அவள் அவன் கைக்குட்டையைப் பிடுங்கி மூக்கைச் சிந்திக்கொண்டு, "மான்செஸ்டர்ல கண்ணு டாக்டர் இருக்காராம். லீவு போடு, நீ கூட்டிக்கிட்டுப் போகணும்," என்றாள்.

சிரில் லீவு போட்டான். ஆனால் வெர்னன் அவனோடு வர மறுத்து எட்னாவோடு ரயிலில் போனான். டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. கண்ணின் நடுப்பகுதி வீணாகிவிட்டது, திரும்ப வராது. ஓரப்பார்வை கடைசிவரை இருக்கும் என்றார். நடக்கலாம், கதவு, மேஜை எங்கே இருக்கிறதென்று தெரியும். எழுத்து தெரியாது, எதிரே நிற்கிற முகம் தெரியாது. தக்கை தெரியுமா என்று வெர்னன் கேட்டானாம். டாக்டருக்குத் தக்கை என்றால் என்னவென்று எட்னா விளக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. புதன்கிழமைகளில் சிரில் போனால் மாடிக்குப் போய்விடுவான். டக்வொர்த் சனிக்கிழமைகளில் கடையை அடைத்ததும் ஒரு பொட்டலம் தொத்திறைச்சியை வாசலில் எட்னா கையில் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விடுவான். அந்த வருஷத்துக் கோப்பை அவனுக்குத்தான் வந்தது. அவன் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

மார்ச்சிலிருந்து ஜூன் நடுவரை மீன்களுக்கு முட்டையிடும் காலம், யாரும் தூண்டில் போடக்கூடாது. அந்தத் தடை முடிந்த வாரத்தில் ஒருநாள், சிரில் வேலை முடிந்து பாலத்தின்மேல் நடந்து வந்துகொண்டிருந்தான். கீழேயிருந்து எட்னாவின் குரல் கேட்டது.

"முங்கிடுச்சு!"

"எப்ப?"

"அந்த வாத்து வர்றதுக்கு முன்னாடி."

"வாத்து எப்பம்மா வந்துச்சு?"

"அதுதான் குஞ்சுங்களோட வந்துச்சே, அழகா. உனக்குச் சொல்லலாம்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"எட்னா, நான் உன்னைத் தக்கையைப் பாக்கச் சொன்னேன்."

"இவ்ளோ நேரம் ஒரே எடத்தைப் பாத்துக்கிட்டிருக்க நான் என்ன ஆந்தையா?"

சிரில் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தான். எட்னா மடக்கு நாற்காலியில், மடியில் பின்னல் ஊசிகளோடு இருந்தாள். மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, வெர்னனின் புழுப் பெட்டியை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று காலமெல்லாம் சண்டை போட்ட பெண். அந்தப் பெட்டி இப்போது அவள் காலடியில் இருந்தது. வெர்னன் மெலிந்திருந்தான். தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். "அங்க நின்னு என்ன வேடிக்கை? எறங்கி வா. எனக்குக் கால் மரத்துப்போச்சு, போய் டீ வாங்கிட்டு வர்றேன்."

"யாரு?" என்றான் வெர்னன்.

"என் தம்பி. வேற யாரு இப்படி மாடு மாதிரி நிப்பான்?"

வெர்னன் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. எட்னா பின்னலைச் சுருட்டிக்கொண்டு போனதும் சிரில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். தக்கை உடனே அசைந்தது. இவன் வாயைத் திறப்பதற்குள் வெர்னன், "மூச்சு விடாதே," என்றான்.

அவன் கம்பைத் தூக்கி நரம்பைக் கைக்குக் கொண்டுவந்தான். தக்கையைப் பிடித்துத் திருகி நரம்பிலிருந்து உருவியெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நரம்பில் ஒரு ஈயக்குண்டை மட்டும் விட்டு, வீசினான். அது அடியில் போய் உட்கார்ந்ததும் நரம்பை விறைப்பாக இழுத்து, ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே லேசாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

"ராத்திரி தூக்கம் வராம படுத்திருக்கும்போது தோணுச்சு," என்றான், யாரிடமோ சொல்வதுபோல். "கடிக்கிறது மீனு. அது தக்கையிலயா கடிக்குது? நரம்புலதானே இழுக்குது."

வெயில் மேகத்துக்குள் போய் வந்தது. ஒரு படகு கடந்துபோய், அதன் அலை கரையில் தட்டி அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். சிரில் வெர்னனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஒன்றும் தெரியவில்லை. வெர்னனின் உதடு மட்டும் ஒரு கணம் விரிந்தது. சுண்டினான்.

வந்த மீனை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, கட்டைவிரலால் முதுகைத் தடவி, உடனே கையை இழுத்துக்கொண்டான். "முதுகுல முள்ளு. மேலெல்லாம் கொழகொழப்பு. ரஃப் மீனுதான், திருட்டுப் பய." தண்ணீரில் விட்டுவிட்டுக் கையைப் புல்லில் துடைத்தான். அடுத்ததைத் தொட்டவுடனே, "செதில் கையோட வருது. ரோச்சுக்குஞ்சு," என்றான். அதற்கும் அடுத்ததை எடுத்தபோது அவன் பேசவில்லை. மீனின் வாயோரத்தில் விரல் நுனியை மெதுவாக வைத்தான். இரண்டு மீசை அங்கே அசைந்துகொண்டிருந்தன.

சிரில், "வெர்னன், நான் அன்னிக்கே உங்கிட்ட சொல்லியிருக்கணும். எட்னாகிட்டயும் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். உனக்குக் கஷ்டமா இருக்கும்னு இல்ல, எனக்குக் கஷ்டமா இருக்கும்னு," என்றான்.

"ம்."

"கோவமா?"

"இருந்துச்சு." வெர்னன் கொஞ்சம் யோசித்தான். "உம்மேலதான்னு சொல்ல முடியாது. பக்கத்துல நீதான் இருந்தே."

அவன் உள்ளங்கையை சிரில் பக்கம் நீட்டி, மீனைக் காட்டினான். "சிரில், ஒண்ணு சொல்லு. வெயில்ல சாய்ச்சுப் பாத்தா கட்ஜனுக்கு விலாவுல ஒரு நீலம் ஓடும். ஊதாவும் நீலமும் கலந்தாப்ல. பொடிமீன், பொடிமீன்னு சொல்றானே ஆல்பர்ட், அவன் ஒருநாளும் அதைப் பாத்ததில்ல. இதுக்கு இருக்கா?"

சிரில் இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அதைக் கவனித்ததில்லை. இப்போது குனிந்து, வெர்னனின் கையை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தான். இருக்கிறது என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் வெர்னனின் முகம் மலரும் என்று தெரிந்தும்தான் இருந்தது.

"இல்ல," என்றான். "இதுக்கு இல்ல. சேத்து நெறம், எருமைக்கன்னு மாதிரி இருக்கு."

வெர்னன் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தான். "அப்ப விடு அதை. வேற ஒண்ணு புடிப்போம்," என்று மீனைத் தண்ணீரில் வழியவிட்டு, புழுப் பெட்டிக்காகக் கையை நீட்டினான். சிரில் அதை நகர்த்தி வைத்தான்.

பாலத்தின்மேல் எட்னா மூன்று டீக் கோப்பைகளை அட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு, சிந்தாமல் வர வேண்டுமே என்று அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தாள்.